மரத்துப்போகும் விரல்களும் அக்குபங்சர் ஊசியும்

அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக மத்திய அரசு 2019-ல் அங்கீகரித்தது. அதனால் எல்லா நோய்க்கும் ஊசி பலன் தரும் என்று பொருளாகாது. கீமோதெரபி நடக்கும்போதே அக்குபங்சர் செய்துகொண்டால் நரம்பு கெடாது என்ற பேச்சையும் சற்று நிதானமாகவே கேட்க வேண்டும்.

புற்றுநோய்க்குத் தரும் பாக்ளிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் கை, கால் நரம்புகளைத் தாக்குகின்றன. விரல் நுனி முதலில் சுருக்கென்று குத்தும், பிறகு மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போட வராது, சில்லறை எண்ண வராது. (கையெழுத்து மாறினால் பாங்க்கில் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமா?) குமாஸ்தாவுக்கும் தையற்காரருக்கும் லேத்தில் நிற்பவருக்கும் விரல்தானே முதல்! மரப்பு முற்றினால் டாக்டர்கள் மருந்தின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடும். நோய்க்குத்தான் அது சாதகம்.

அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் கண்ட 63 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. மருந்து ஏறிய 12 வாரமும், வாரம் ஒருமுறை, ஒரு சாராருக்கு மின்சாரம் பாய்ச்சிய ஊசி. மற்றவர்களுக்குப் பாவனை ஊசி. 12-வது வாரத்தில் இரு சாராருக்கும் வித்தியாசமில்லை. 16-வது வாரத்திலோ நிஜ ஊசி பெற்றவர்களுக்கே வலி அதிகம்! சிறிய சோதனைதான். ஆனாலும், "குத்திக்கொண்டால் நஷ்டமென்ன?" என்போர் இதை யோசிக்க வேண்டும்.

கீமோதெரபி முடிந்தும் மரப்பு நீங்காத 75 பேரிடம் நடத்தி 2020-ல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், 8 வார அக்குபங்சரால் வலி குறைந்தது. வந்த வலியைத் தணிப்பது வேறு. வராமல் தடுப்பது வேறு. பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

தடுப்புக்கென்று எந்த மருந்தையும் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020-ல் சிபாரிசு செய்யவில்லை. நரம்புச் சத்து என்று சிலர் விழுங்கும் அசிட்டைல் கார்னிட்டின் மாத்திரை மரப்பை அதிகமாக்கியதால், அதைக் கூடாதென்றே சொல்லிவிட்டது. பாக்ளிடாக்சல் ஏறும்போது உறையவைத்த கையுறையும் காலுறையும் அணிவித்து ஜப்பானின் கியோட்டோவில் செய்த சோதனையில் (2018) மரப்பு குறைந்தது. அதுவும் சிறிய சோதனையே.

எனவே, விரல் மரத்த அன்றே, அடுத்த மருந்து ஏறுவதற்கு முன், டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அக்குபங்சருக்குப் போவதானாலும் அவரைக் கேட்டே போக வேண்டும். ரத்தத்தில் வெள்ளணு குறைந்திருக்கும் நாளில் சிறு துளை வழியாகவும் கிருமி புகும். ஊரிலிருந்து சிகிச்சைக்கு வந்து போவோர் ரயில் செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டாம். ஆஸ்பத்திரிச் சான்று காட்டினால் ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுதும் தள்ளுபடி. துணைக்கு வருபவர் ஒருவருக்கு முக்கால் பங்கு.