‘அம்மா, கூட நாலு பேர் வர்றாங்க!’ - ஒரு பாட்டில் தொக்கு, ஒரு குண்டான் களி போதும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வரும். “அம்மா, நாளைக்கு வர்றேன். கூட ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர். ஒகேனக்கல் பார்க்கணுமாம்.” அவ்வளவுதான், போனை வைத்துவிடுவார்கள். என்ன சமைப்பது, எவ்வளவு சமைப்பது, தயிர் இருக்கிறதா, கேஸ் தீரும் நிலையில் இருக்கிறதா என்பதெல்லாம் அம்மாவின் பாடு.

தருமபுரிக்காரர்களுக்கு இது கொஞ்சம் கூடவே நடக்கும். பெங்களூரு - சேலம் ரயில் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். இந்தப் பக்கம் சேலம், கோவை, அந்தப் பக்கம் பெங்களூரு என்று எங்கே படிக்கிற பிள்ளையாக இருந்தாலும், நண்பர்களோடு இறங்க நம் வீடு வசதி. போதாததற்கு ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி, கலைக் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டு நாக்கு செத்துப்போன கூட்டத்துக்கு ‘வீட்டுச் சாப்பாடு’ என்ற ஒரு வார்த்தை போதும், பஸ் ஏறிவிடுவார்கள்.

இந்த வாரம் அந்தக் கூட்டத்துக்கான சமையல்தான். வந்தவர்கள் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், அம்மாவும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆறு வகை கூட்டு, பொரியல் வைத்தால் இரண்டாவது நடக்காது. இருபது வயதுக்காரர்கள் வகையை எண்ணுவதும் இல்லை. ஒரே ஒரு பண்டம் சூடாகவும், காரசாரமாகவும், மூன்றாவது முறை கேட்டாலும் தீராமலும் இருந்தால் சந்தோஷமாகிவிடுவார்கள்.

முதலில் போனை வைப்பதற்குள் மூன்று கேள்வி கேட்டுவிடுங்க. எத்தனை பேர், அதில் அசைவம் சாப்பிடாதவர்கள் யார், எந்த வேளைக்கு வருகிறீர்கள்? மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். ஒகேனக்கல் போகிற அன்று மதியத்துக்கு வீட்டில் சமைத்து வைக்காதீங்க. அங்கே மீனை வாங்கிக் கொடுத்தால் கண்ணெதிரிலேயே குழம்பும் வறுவலும் செய்து தரும் அக்காக்கள் இருக்கிறார்கள். அந்த வாசனையைத் தாண்டி, 45 கிலோமீட்டர் பசியோடு யாரும் திரும்பி வர மாட்டார்கள். உங்கள் சாம்பார் அப்படியே கிடக்கும். இரவுக்குத் தயாராக இருந்தால் போதும்.

தொக்கு கைவசம் இருக்கட்டும்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட் பக்கத்திலேயே இருப்பது நமக்குப் பெரிய வரம். விலைதான் ஒரு நிலையில் நிற்காது. விலை இறங்கிய வாரத்தில் 2 கிலோ பழுத்த தக்காளி வாங்கித் தொக்கு செய்து வைத்துக்கொள்ளுங்க.

அடிகனமான பாத்திரத்தில் 200 மில்லி நல்லெண்ணெய் ஊற்றி, கடுகு, கொஞ்சம் வெந்தயம் தாளித்து, இரண்டு முழுப் பூண்டை உரித்துப் போடுங்க. நறுக்கிய தக்காளி, மஞ்சள்தூள், உப்பு, நெல்லிக்காய் அளவு புளி. பாதி சுண்டியதும் 3 மேசைக்கரண்டி மிளகாய்த்தூள். அப்புறம் அவசரப்படக் கூடாது. முக்கால் மணி நேரமாவது மிதமான தீயில் சுருள வேண்டும், எண்ணெய் தனியாகப் பிரிந்து ஓரத்தில் நிற்க வேண்டும். வெங்காயம் வேண்டாம், அது சேர்ந்தால் சீக்கிரம் கெட்டுவிடும். ஆறவைத்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால், ஈரக்கரண்டி படாதவரை ஒரு வாரம் தாராளமாக வரும்.

அந்த பாட்டில் இருந்தால் பாதிச் சமையல் முடிந்தது. வெங்காயம், பச்சை மிளகாய், பட்டை, கிராம்பு, புதினா வதக்கி, டம்ளர் அரிசிக்கு இரண்டு பெரிய கரண்டி தொக்கு போட்டு வேகவைத்தால் தக்காளி சாதம். ஒரு டஜன் முட்டையை அவித்துக் கீறி, வதக்கிய வெங்காயத்தோடு தொக்கில் புரட்டினால் முட்டைத் தொக்கு. நாமக்கல் பக்கத்தில் இருக்க, முட்டைக்கு நமக்கு என்ன பஞ்சம்! சைவக்காரருக்கு அதே தொக்கில் அவித்த உருளைக்கிழங்கு. மறுநாள் காலையில் தோசைக்கும் அதுவே.

அளவில்தான் பலர் தடுமாறுகிறோம். வீட்டு ஆட்களுக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி போதும் என்றால், இந்தக் கூட்டத்துக்கு 150 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்க. விருந்தாளிகள் ஐந்து பேர், வீட்டில் மூன்று பேர் என்றால் ஒரு கிலோ அரிசி. இதை 5 லிட்டர் குக்கரில் திணிக்காதீங்க. அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போனால் பொங்கி, விசில் அடைத்துக்கொள்ளும். அந்தக் குக்கருக்கு 700 கிராம்தான் அளவு. மிச்சத்தை இன்னொரு தடவை வையுங்க, இல்லையென்றால் பழைய குண்டானை எடுங்க.

இன்னொன்று, மதியமே சாதம் கிளறி மூடி வைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குப் பரிமாறுவது வேண்டாம். வெந்த சோறு வெளியில் மணிக்கணக்கில் இருந்தால் அதில் கிருமி பெருகும். சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல் இருப்பதே நல்லது. அதற்குப் பதில் பிள்ளைகளிடம், “தொப்பூர் கணவாய் தாண்டியதும் போன் பண்ணு” என்று சொல்லிவிடுங்க. பெங்களூரிலிருந்து வந்தால் கிருஷ்ணகிரி தாண்டியதும். போன் வந்ததும் அரிசியை ஊறவைத்தால், அவர்கள் வந்து கை கால் கழுவுவதற்குள் சாதம் ஆவி பறக்கும்.

விருந்தாளிக்குக் களி போடலாமா?

நம் மாவட்டத்தில் நிறைய வீடுகளில் களி தினசரிச் சாப்பாடு. ஆனால் வெளியூர்ப் பிள்ளைகள் வந்தால் களிப்பானையை மறைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஃப்ரைடு ரைஸ் கிண்டுவோம். “களியா போட்டாங்கன்னு நினைப்பாங்க” என்ற கூச்சம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஃப்ரைடு ரைஸ் அவர்கள் கல்லூரி வாசலிலேயே கிடைக்கிறது, களி கிடைப்பதில்லை.

காசுக் கணக்கும் நம் பக்கம்தான். 2023-ல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அது பல வீடுகளில் டப்பாவில் தூங்குகிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராமைச் சுற்றித்தான்.

ஒரு டம்ளர் நொய்யரிசியை 9 டம்ளர் தண்ணீரில் உப்பு போட்டுக் குழைய வேகவைங்க. 3 டம்ளர் கேழ்வரகு மாவை அதன்மேல் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி போட்டு, கிளறாமல் சிறு தீயில் 10 நிமிடம் விடுங்க. மாவு வெந்த வாசனை வந்ததும் இறக்கிக் கட்டியில்லாமல் கிண்ட வேண்டும். கொஞ்சம் வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும், இறுகினால் தெளித்துக்கொள்ளலாம். கை நனைத்து உருட்டினால் ஏழெட்டு உருண்டை வரும்.

கிண்டுவதுதான் தோள் வலிக்கும் வேலை. அதற்குத்தான் வந்திருக்கிறார்களே! ஒருவன் துணி வைத்துக் குண்டானை அழுத்திப் பிடிக்க, இன்னொருவன் துடுப்பைப் போடட்டும். ஆவி முகத்தில் அடிக்கும், கவனம் என்று மட்டும் சொல்லுங்க. ஜிம்முக்குப் போகிற பையன்களைக் களி கிண்டவிட்டு வேடிக்கை பார்ப்பது தனிச் சுகம். பெண் பிள்ளைகள் வந்தாலும் அப்படியே, அவர்களுக்கும் தோள் இருக்கிறது.

தொட்டுக்கொள்ளப் பச்சைப்பயறு கடைசல் வையுங்க. கொள்ளு ருசிதான், ஆனால் முதல் நாளே ஊறவைக்க வேண்டும். பச்சைப்பயறுக்கு அந்தக் கவலை இல்லை. லேசாக வறுத்து, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, வரமிளகாய், சீரகம் எல்லாம் ஒன்றாகக் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டுக் கடைந்தால் முடிந்தது. வசதி இருந்தால் ஒன்றரைக் கிலோ கோழியைக் குழம்பு வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் முட்டைத் தொக்கு இருக்கிறது. வடநாட்டு நண்பர் யாராவது இருந்தால், களியை மெல்லக் கூடாது, பிய்த்துக் குழம்பில் முக்கி விழுங்க வேண்டும் என்று முதல் வாயிலேயே சொல்லிக்கொடுங்க. மென்றால் பல்லில் ஒட்டிக்கொண்டு முழிப்பார்கள்.

கூட்டமாக விருந்துக்கு வருவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. இது தகடூராக இருந்த காலத்தில் அதியமான் வீட்டுக்கு ஔவையார் போனார். ஒருநாள் இல்லை, பலநாள் போனாலும், பலரோடு போனாலும், முதல் நாள் போலவே ஆசையாக வரவேற்றான் என்று புறநானூற்றில் பாடியிருக்கிறார். உள்ளே அத்தனை பேருக்கும் சமைத்தது யார் என்றுதான் அந்தப் பாட்டில் இல்லை.

நம் வீட்டில் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பரிமாறுகிற வேலையையாவது விட்டுவிடுங்க. குண்டானைக் கூடத்தில் நடுவில் வைத்து, கரண்டியைப் போட்டு, நீங்களும் தட்டோடு உட்காருங்க. இன்னொரு லாபமும் உண்டு. நாம் நின்று பரிமாறினால், கூச்சப்படுகிற பிள்ளைகள் “போதும் ஆன்ட்டி” என்று அரை வயிற்றோடு எழுந்துவிடுவார்கள். கரண்டி அவர்கள் கையில் இருந்தால் வேண்டியதைப் போட்டுக்கொள்வார்கள். சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவட்டும். ஹாஸ்டலில் கழுவுகிறவர்கள்தானே!

களி மிஞ்சினால் இரவே தண்ணீரில் போட்டுவிடுங்க. காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம், மோர் மிளகாயோடு ஆளுக்கு ஒரு சொம்பு. வெயில் காலத்தில் பஸ் ஏறுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கிளம்பும்போது தொக்கு கேட்பார்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்து, ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்தில் இரண்டு நாளுக்குள் முடித்துவிடச் சொல்லுங்க. அதைச் சொல்ல வேண்டிய தேவைகூட இருக்காது, ஹாஸ்டலுக்குப் போன அன்று ராத்திரியே டப்பா காலி என்று போன் வரும்.