பின்னிருக்கை யாருடையது?

ஒடுகத்தூரில் நண்பரொருவர் வீட்டு முற்றத்தில் பழைய புல்லட்டை 'பாபர்' ஆக்கிக்கொண்டிருக்கிறார். பின்பக்க மட்கார்டைப் பாதிக்குமேல் அறுத்தாயிற்று. நீள இருக்கை போய், சுருள்வில் மீது ஒற்றை இருக்கை வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் அமெரிக்க இளைஞர்கள் எடையைக் குறைக்கச் செய்த வேலை இது. நறுக்கிய வாலே இவ்வகை வண்டிக்குப் பெயரையும் தந்தது.

அழகை நாம் மறுக்கவில்லை. ரெக்சினைத் தவிர்த்து, தாவரப் பட்டையில் பதனிட்ட தோலை அவர் தேடியதும் நமக்கு உவப்பே. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அறிந்த தோல் மரபு நம்முடையது. குரோம் தோலைவிட அது விறைப்பு. நனைத்து வடிவமைத்தால் அவ்வடிவத்திலேயே நிற்கும்.

நம் கேள்வி வேறு. அறுபட்டது யாருடைய இடம்? 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும், உடை சிக்காதபடி சக்கரத்தில் பாதியையேனும் மறைக்கும் காப்பும் வேண்டும் என்கிறது. சட்டம் 'உடை' என்பது நம் தெருவில் சேலை. ஒருக்களித்து அமரும் அம்மாவும், ஷூ கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட தங்கையும் உட்காரும் இடம் அது. பதிவுச் சான்றுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் சொல்லிவிட்டது.

2024இல் வந்த ராயல் என்ஃபீல்டு கோவன் கிளாசிக் 350, பாபர் சாயலிலேயே கழற்றி மாட்டும் பின்னிருக்கையைத் தந்தது. கழற்றியதை மீண்டும் மாட்டலாம், அறுத்தது வளராது.

அறுத்த தகடு இன்னும் திண்ணையில் கிடக்கிறது. அதை எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம்.