பிரிவைத் தேர்ந்தெடுப்பது யார்?



பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கைக்கு வந்ததும் ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். "மெக்கானிக்கல் எடுடா, கம்பெனிக்காரன் கூப்பிட்டு வேலை குடுப்பான்" என்பார் டீக்கடை அண்ணாச்சி. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சிவில்? கம்ப்யூட்டர் போதும்" என்பார் சித்தப்பா. அட்மிஷன் மேஜை முன்னால் நின்றதும், வாயில் வந்த பெயரைச் சொல்லிவிடுகிறோம். தீபாவளிச் சட்டைக்கு நாலு கடை ஏறி இறங்கும் நாம், மூன்று வருஷப் படிப்பை மூன்று நிமிஷத்தில் முடிவு செய்கிறோம்!

படித்தவர்கள் உள்ள வீட்டில் விவரம் சொல்ல அண்ணனோ அக்காவோ இருப்பார்கள். என் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். நம்மில் பலர் அப்படித்தான். நாம் யாரைப் போய்க் கேட்பது?

முதலாண்டில் கணக்கு, இயற்பியல், வேதியியல், டிராயிங் என்று பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவான பாடங்களே. பிரிவின் உண்மையான முகம் இரண்டாம் ஆண்டில்தான் தெரிகிறது. பிடிக்கவில்லை என்று அப்போது மாறுவது எளிதல்ல. பிளஸ் டூ, ஐ.டி.ஐ. முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேருகிறவர்களுக்கோ அந்த ஒரு வருஷ அவகாசமும் கிடையாது.

"எதைப் படிச்சா என்ன, வேலை கிடைச்சா சரி" என்பாரும் உண்டு. வேலை முக்கியம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால், பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி எல்லா முக்கியப் பிரிவினருக்கும் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டு, டிப்ளமோ முடித்தவர்களுக்கும் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு வழி திறந்தது. அதுவும் ஒரே பிரிவுக்கு எழுதி வைத்ததல்ல. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி வேறு. வெயிலில் தியோடலைட்டோடு நின்று நிலம் அளக்கப் பிடிக்குமா? லேத் முன்னால் கால் கடுக்க நிற்க முடியுமா? புரோகிராமில் ஒரு சின்னப் பிழையைத் தேடி அரைநாள் உட்காரப் பொறுமை உண்டா? இதற்கு ஆண் என்ன, பெண் என்ன? பதில் சொல்லவேண்டியது சேருகிறவர்தான், சித்தப்பா அல்ல!

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அட்மிஷன் நாட்களில் வேப்பமரத்தடியில் இரண்டு பெஞ்சு போடுவோம். பிரிவுக்கு ஒரு சீனியர் மாணவர், ஒரு மாணவி உட்காரட்டும். பாடப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டட்டும். லேபையும் ஒர்க்‌ஷாப்பையும் சுற்றிக் காட்டட்டும். கூட வரும் அப்பா அம்மாவுக்கு அவர்கள் பேச்சிலேயே விளக்கட்டும். செலவு டீச்செலவு மட்டுமே.

வரவேற்பு விழாவில் ரோஜாப்பூ கொடுப்பது அழகுதான். அதற்கு முன்னால் ஒரு நல்ல வார்த்தை சொல்லி வழிகாட்டுவது அதைவிட அழகல்லவா? அடுத்த அட்மிஷனிலேயே செய்து காட்டுமா நம் பேரவை?