கேஸ் தீர்ந்துபோகல, கசிஞ்சுபோச்சு

கத்திரி வெயில் ஆரம்பிச்சா போதும், செங்கல்பட்டுல இருந்து மாமல்லபுரம் வரைக்கும் வீட்டுக்கு வீடு ஒரே டயலாக்தான்: "ஏசில கேஸ் தீந்துடுச்சாம், ஆள் வந்து அடிச்சுட்டுப் போனாரு." அடுத்த கத்திரிக்கும் அதே டயலாக். கடலோரத்துல இருக்கிற வீடுன்னா தீபாவளிக்குள்ளயே இன்னொரு தடவை.

ஒரு விஷயத்தை முதல்ல தெளிவாச் சொல்லிடலாம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்லை. மூடின குழாய்க்குள்ள திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுத்திக்கிட்டே இருக்கும். அது குறைஞ்சிருந்தா எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடிக்காம கேஸ் அடிக்கிறதும், பஞ்சர் ஒட்டாம டயருக்குக் காத்து அடிக்கிறதும் ஒண்ணுதான்.

நம்ம ஈசிஆர் பக்கம் இந்தத் தொல்லை அதிகம். காரணம் உப்புக்காத்து. வெளி யூனிட்டுக்குள்ள பெரும்பாலும் செம்புக் குழாய், அதைச் சுத்தி மெல்லிய அலுமினியத் தகடுகள். ரெண்டு வேற வேற உலோகம், நடுவுல உப்பு ஈரம். ப்ளஸ் டூ வேதியியல்ல படிச்ச அதே மின்கலம்! அலுமினியம் ஆனோடு ஆகி அரிச்சு, வெள்ளைப் பொடியா உதிரும். தகடு போனா வெப்பம் வெளியேறாது, கம்ப்ரசர் திணறும், கரண்ட் பில் ஏறும். நாளடைவில் குழாயிலும் பற்றவைத்த இடங்களிலும் ஊசிமுனை ஓட்டைகள் விழும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் 8-ஆம் நூற்றாண்டுக் கல்லையே இந்தக் காத்து அரிக்குது. தொல்லியல் துறை காகிதக் கூழ் பூசி அந்த உப்பை உறிஞ்சி எடுக்குது. கல்லுக்கே இந்தக் கதின்னா காகிதம் மாதிரி இருக்கிற தகடு என்ன ஆகும்?

சரி, ஓட்டையை ஏன் யாரும் தேடுறதில்லை? எங்க வீட்டுல ஒரே வருஷத்துல மூணு தடவை கேஸ் அடிச்சாச்சு. ஒரு தடவைகூட சோப்புத் தண்ணி வெச்சுப் பார்க்கல, பில்லும் தரல. கோபம் வரத்தான் செய்யும். ஆனா மெக்கானிக்கை மட்டும் திட்டி முடிச்சுட முடியாது. முறையா செய்யணும்னா, மிச்ச கேஸை எடுத்து, நைட்ரஜன் அழுத்தத்துல வெச்சு ஓட்டையைத் தேடி, அடைச்சு, வேக்குவம் பம்ப் ஓட்டி, கடைசியா எடை போட்டு கேஸ் ஏத்தணும். பாதி நாள் வேலை. "ஓட்டை தேடுற கூலி இவ்வளவு"ன்னு சொன்னா நாம கொடுப்போமா? "சும்மா பாக்குறதுக்கா இவ்வளவு?"ன்னு கேட்போம். அதே காசை "கேஸ் சார்ஜ்"னு சொன்னா பேசாம எடுத்து நீட்டுவோம். பொருளுக்குக் காசு கொடுப்போம், மூளைக்கும் உழைப்புக்கும் கொடுக்க மாட்டோம். அதனாலதான் ரெண்டாவது மாடிச் சுவர்ல பெல்ட்கூட இல்லாம தொங்குற அந்த மனுஷன், தன் கூலியை கேஸ் கணக்குல ஒளிச்சு வைக்கிறார்.

இதுல நஷ்டம் நமக்கு மட்டும் இல்லை. இப்போ பல ஏசிகள்ல வர்ற ஆர்-32, கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 675 மடங்கு பூமியைச் சூடாக்கும். பழைய ஆர்-410ஏ சுமார் 2,088 மடங்கு. வெயில் தாங்காம ஏசி போடுறோம், கசியவிட்டு வெயிலை ஏத்துறோம். போதாததுக்கு ஆர்-32 தீப்பிடிக்கக் கூடியது. அரைகுறை வேலை அங்க ஆபத்து.

கம்பெனிகளுக்கும் பொறுப்பு இருக்கு. விளம்பரத்துல பெரிய எழுத்துல வர்றது கம்ப்ரசர் வாரன்ட்டி. ஆனா கடலோரத்துல முதல்ல ஓட்டை விழுறது காயில்ல. அதுக்கு எத்தனை வருஷம், உப்பு அரிப்பு அதுல சேருமான்னு வாங்கும்போதே கேளுங்க. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் தனி இணையதளமே தொடங்கியது. வீட்டு உபயோகச் சாதனங்களும் அதில் அடக்கம். புகாருக்கு 1915 இருக்கு, செங்கல்பட்டில் நுகர்வோர் ஆணையமும் இருக்கு. ஆனா கையில பில் இருந்தாத்தான் புகார் நிக்கும்.

அடுத்த தடவை ஆள் வரும்போது மூணே கேள்வி கேளுங்க: ஓட்டை எங்க? வேக்குவம் போட்டீங்களா? எத்தனை கிராம் ஏத்துனீங்க? சரியான எடை வெளி யூனிட் லேபிள்லயே இருக்கும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்றவருக்குக் கூலியை மனசாரக் கொடுங்க. மாசம் ஒரு தடவை மெயின் சுவிட்சை அணைச்சுட்டு, வெளி யூனிட் தகடுகளை நல்ல தண்ணியில கழுவுங்க.

மெக்கானிக்கல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். நம்ம லேப்ல ரெப்ரிஜிரேஷன் ரிக் வெச்சு சி.ஓ.பி. கணக்குப் போட்டு ரெக்கார்டுல கையெழுத்து வாங்குறோம். அதோட ஒரு நாள், ஐடிஐ முடிச்ச ஒரு நல்ல மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவருக்குச் சம்பளம் கொடுத்து, ஓட்டை கண்டுபிடிக்கக் கத்துக்கலாமே. அந்த வேலைக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு காட்ட காலேஜை விட நல்ல இடம் எது?