சக்கரம் நின்ற வேளை

தொலைக்காட்சிச் செய்தியைத் துறந்து நிம்மதி பெற்றேன் என்று ஒரு நாளேட்டிலே எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அனுபவத்தை மறைத்தல் முறையன்று.

1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. ஆண்டுக்கணக்காக நீடித்த அந்த இருளிலே, துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி கேட்டோம். எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அறிவது அன்று உயிரோடு தொடர்புடைய விடயம். செய்தி முடிந்ததும் சக்கரம் நின்றது. அயலவரோடு பேச்சுத் தொடங்கியது.

இன்று அந்தச் சக்கரம் நிற்பதேயில்லை. ஒரே துயரம் நாள் முழுவதும் திரையிலே திரும்பத் திரும்ப ஓடுகிறது. அதை அறிந்து நான் செய்யக்கூடியது சொற்பம், அஞ்சுவதற்கோ ஏராளம். ஆகவே தொலைக்காட்சியை நிறுத்தினேன். காலையில் ஒருமுறை பத்திரிகை வாசிப்பதோடு சரி. மாலைப்பொழுது மீண்டும் நூல்களுக்கும் வீட்டாருக்கும் உரியதாயிற்று.

செய்திக்காக அல்லற்பட்ட மக்கள் நாம். அதை அடியோடு வெறுத்தல் நமக்குத் தகாது. ஆனால் எவ்வளவு போதும் என்பதை முதலில் நாம் கற்று, பின்னர் நம் மாணவர்க்கும் கற்பிக்க வேண்டும். அன்று சக்கரத்தைச் சுழற்றியதும் நிறுத்தியதும் நமது கைகளே.