ஓர் எழுத்து மாறிய நோயும் மருந்தின் விலையும்

சென்ற 2025 அக்டோபர் 9ஆம் தேதி டில்லி ஐகோர்ட் பெஞ்ச் ஒரு காப்புரிமை வழக்கில் தீர்ப்பளித்தது. 'ரிஸ்டிப்ளாம்' என்ற மருந்தை ஐதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ கம்பெனி தயாரித்து விற்பதைத் தடுக்க வேண்டும் என்று சுவிட்சர்லாந்தின் ரோஷ் கம்பெனி செய்த அப்பீல் தள்ளுபடியாயிற்று. 17ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துவிட்டது. ரோஷ் மருந்து ஒரு புட்டி சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். நாட்கோ அறிவித்த விலையோ 15,900 ரூபாய்தான்.

இந்த மருந்து தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்கானது. டாக்டர்கள் சுருக்கமாக எஸ்.எம்.ஏ. என்பார்கள். சுமார் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. கடுமையான வகையில் குழந்தைக்குத் தலை நிற்காது, உட்கார வராது, மூச்சு விடுவதும் சிரமம். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

காரணம் என்ன? நமது ஆபீஸ் ரெக்கார்டு ரூமை நினைத்துக்கொள்ளுங்கள். மூலப் பத்திரம் வெளியே போகாது, நகல்தான் போகும். அதுபோல ஜீன் இருந்த இடத்திலேயே இருக்க, ஆர்.என்.ஏ. என்ற நகல் எழுதப்பட்டு, வேண்டாத பகுதிகள் வெட்டப்பட்டு, மீதி ஒட்டப்படுகிறது. அதைப் பார்த்துத்தான் உடல் புரதம் செய்கிறது. எதை வெட்டுவது, எதை வைப்பது என்று முடிவு செய்வதில், ஆர்.என்.ஏ. மீது வந்து ஒட்டிக்கொள்ளும் புரதங்களுக்குப் பெரும் பங்குண்டு.

தசைகளை இயக்கும் நரம்புகளுக்கு வேண்டிய ஜீன் இந்தக் குழந்தைகளிடம் பழுதாகிவிட்டது. அதற்கு மாற்றாக இன்னொரு ஜீன் உண்டு. ஆனால் அதில் ஏழாவது பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. விஞ்ஞானிகள் 'ஏ-1' என்று குறிக்கும் புரதம் அங்கேயும் அதை அடுத்தும் வந்து ஒட்டிக்கொள்ள, நகலில் ஏழாவது பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. பத்தில் ஒரு பங்கு அளவுக்கே சரியான நகல் கிடைக்கிறது.

அப்படியானால் ஏ-1 புரதத்தையே ஒழித்துவிடலாமே என்று தோன்றும். அது முடியாது. ஆயிரக்கணக்கான நகல்களில் அதற்கு வேலை இருக்கிறது. அது அளவு மீறினாலும் ஆபத்து. 2010இல் வெளியான ஆராய்ச்சியில், 'மிக்' என்ற புற்றுநோய் ஜீன் இதே ஏ-1 போன்ற புரதங்களைப் பெருக்கி, சர்க்கரையைப் பயன்படுத்தும் என்சைமின் நகலையே மாற்றி, மூளைக் கட்டிகளின் செல்கள் வேகமாக வளர வழி செய்வது தெரியவந்தது. ஏ-1 புரதமே பழுதானால் பெரியவர்களுக்கும் நரம்புச் சிதைவு நோய் வரலாம் என்று 2013இல் கண்டார்கள்.

ஆகவே புரதத்தை விட்டுவிட்டு, அது உட்காரும் நாற்காலியை மறைத்தார்கள். நகலில் அந்த முக்கிய இடத்தை 2006இல் அமெரிக்காவில் ரவீந்திர சிங் குழுவினர் கண்டறிந்தார்கள். ஏட்ரியன் கிரெய்னர் முதலியோரின் உழைப்பால் அதை மூடும் ஊசி மருந்து 2016 டிசம்பரில் அங்கே அனுமதி பெற்றது. 2020இல் வந்த ரிஸ்டிப்ளாம் வாய்வழி மருந்து. வேறிடத்தில் வேலை செய்து அதே ஏழாவது பகுதியைக் காப்பாற்றுகிறது. தினமும், ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும்.

இனி விலைக் கணக்கு. 20 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு ஒரு புட்டி 12 நாளைக்கு வரும். மத்திய அரசு 2021இல் அரிய நோய்களுக்கான கொள்கையை வகுத்தது. 2022இல் ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று உயர்த்தியது. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் பழைய விலையில் அது எட்டுப் புட்டிகள், அதாவது மூன்று மாதம்! அதன் பிறகு குழந்தையின் கதி என்ன என்பதற்குக் கொள்கையில் விடை இல்லை. புதிய விலையில் அதே தொகை பத்து ஆண்டுகளுக்கு மேல் வரும். கொள்கை உருப்படியாவதே இந்தத் தீர்ப்பினால்தான் என்று சொல்லலாம்.

எனினும் சொந்தப் பணத்தில் வாங்குவோருக்கு ஆண்டுக்கு சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் ஆகிறது. மாதம் 25,000 ரூபாய் வாங்கும் குமாஸ்தாவின் முழு ஆண்டுச் சம்பளமே 3 லட்சம்தான். ரோஷ் கம்பெனியின் வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஆராய்ச்சிக்கு ஆகும் செலவை யாரேனும் ஈடுகட்டத்தான் வேண்டும். ஆனால் பழைய காப்புரிமையிலிருந்தே இந்த மருந்தை ஊகித்துவிடலாம் என்ற ஆட்சேபணைக்கு மேலோட்டமாகவே வலு இருப்பதாகக் கோர்ட் கருதியது. இது இடைக்காலத் தடை பற்றிய முடிவுதான். காப்புரிமை ரத்தாகிவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அரசுத் திட்டத்துக்கு ஊர் திரும்ப வேண்டும் என்றில்லை. டில்லி எய்ம்ஸ், பம்பாய் கே.இ.எம்., பெங்களூர் இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆகியவை திட்ட மையங்களில் சேர்ந்தவை. தாய், தந்தை இருவரிடமும் பழுதான ஜீன் இருந்தால்தான் பெரும்பாலும் நோய் வருகிறது. அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் நம்மவரிடையே அந்த வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு வந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.