முதல் கேள்வியே "எந்தக் கட்சி?" என்பதா?



ஓர் அரசியல் பிரமுகர் மீதோ உயர் அதிகாரி மீதோ ஒரு பெண் பாலியல் புகார் கொடுத்தார் என்று பேப்பரில் செய்தி வந்தால், உறையூர் டீக்கடை பெஞ்சில் எழும் முதல் கேள்வி என்ன? "அந்த ஆளு எந்தக் கட்சி?" என்பதுதான்! எதிர்க்கட்சி என்றால், "எனக்கு அப்பவே தெரியும்ப்பா." நம்ம கட்சி என்றால், "இத்தனை நாளா அந்தம்மா ஏன் சும்மா இருந்துச்சு?" புகார் ஒன்றுதான், அளவுகோல் மட்டும் இரண்டு!

ஒர்க்‌ஷாப்பில் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் பார்ப்பது ஜீரோ எரர். அதைப் பார்க்காமல் எத்தனை ரீடிங் எடுத்தாலும் தப்புதான். கட்சிப் பாசமும் சாதிப் பாசமும் நம் மனசில் இருக்கிற ஜீரோ எரர் என்பது என் கருத்து.

2021 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று, சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் மீது புகார் கொடுக்க ஒரு பெண் எஸ்.பி. சென்னைக்குப் புறப்பட்டார். நாம் திருச்சியிலிருந்து பஸ்ஸில் சென்னை போகும்போது தாண்டுகிற அதே பரனூர் சுங்கச்சாவடியில் அவர் கார் மறிக்கப்பட்டது. மறித்ததும் போலீஸ்தான்! காக்கி உடுத்திய அதிகாரிக்கே இந்த நிலை என்றால், நம்ம தெருவில் தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிற அக்காவுக்கு எந்த வழி திறந்திருக்கும்?

அந்த அதிகாரி பின்வாங்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கைக் கவனித்தது. இடையில் தேர்தல் வந்து ஆட்சியும் மாறியது. 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2024 பிப்ரவரியில் அங்கே அவருடைய அப்பீலும் தள்ளுபடியானது. புகார் ஓர் ஆட்சியில், தீர்ப்பு இன்னோர் ஆட்சியில். "எந்தக் கட்சி?" என்ற கேள்விக்கு இதில் என்ன வேலை?

"சரி, பொய்ப் புகாரா இருந்தா?" என்று சில நண்பர்கள் கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பதில் இருக்கு. வேண்டுமென்றே பொய் சொன்னது நிரூபணமானால் நடவடிக்கை உண்டு. ஆனால், நிரூபிக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புகார் கொடுத்தவரைத் தண்டிக்க முடியாது. விசாரணையை 90 நாளில் முடிக்கணும். எதிர்த்தரப்பும் தன் நியாயத்தைச் சொல்லலாம். அதுவரை அவர் பதவியை விட்டுத் தள்ளி நிற்கணும் என்பேன் நான். அது தண்டனை அல்ல. நாற்காலியின் பலம் விசாரணைக்குள் நுழையாமல் இருக்கத்தான். பரனூரே அதற்குச் சாட்சி!

நம்ம வெக்காளியம்மன் கோயிலில் மனக்குறையைச் சீட்டில் எழுதிக் கட்டுகிறோம். "ஏன் இவ்வளவு நாள் கழிச்சு எழுதுற?" என்று அம்மன் கேட்பதில்லை. மனுஷங்க நாம கேக்கணும்னா, "என்ன நடந்தது? கூட வரட்டுமா?" என்று கேக்கலாமே!

2016இல் வந்த அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு விதிகளின்படி பாலிடெக்னிக்கிலும் இதற்கான புகார்க் குழு இருக்கணும். நம் குழுவில் யார் யார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பெயர்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டவைப்பதே அடுத்து வரும் மாணவர் சங்கத்தின் முதல் வேலையாக இருக்கட்டும். ஓட்டு கேட்டு வரும் நண்பர்களிடம் இதைக் கேளுங்கள்.

சிந்திப்போம்... செயல்படுவோம்!